பூட்ஸ் போட்ட சம்சாரி

பர்மா சண்டைக்குப் போன சொரிமுத்து, 1946 ஆனி மாதம் இலத்தூருக்கு முழுசாகத் திரும்பி வந்தான். நாலு வருஷம் குத்தகை வயலை ஒற்றை ஆளாகக் காப்பாற்றிய மனைவி சந்தனமாரியிடம், "இனிமே நீ சேத்துல காலு வைக்கப்பிடாது. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று வீறாப்பாகச் சொன்னான். சொன்ன பத்தாம் நாள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடுகிற நரம்பு வீங்கி, தொட்டால் உயிர் போயிற்று. காலையில் எழுந்ததும் முதல் அடியில் நொண்டுவான். நாலு எட்டு நடந்தால் சரியாகும். ஏர் பிடித்துவிட்டு வந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். நம் பக்கத்தில் மேல்வலி கால்வலி என்றால் வேறென்ன வைத்தியம், குற்றால அருவிதானே! அவனும் போனான். விழுகிற தண்ணீருக்கு நேரே குதிகாலைக் காட்டிக்கொண்டு ஒரு நாழிகை நின்றான், மடையன். வண்டியில் தூக்கிப்போட்டுத்தான் கொண்டுவந்தார்கள்.

வலியைவிட அவனுக்குப் பயம்தான் பெரிது. இந்தக் கால் போனால் சந்தனமாரி ஆயுசுக்கும் வயலில் ஒற்றையாய்க் கிடக்க வேண்டியதுதானே?

வலிக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தவளும் அவளேதான். "இங்கேருங்க, தென்காசிச் சந்தைக்குப் பட்டாளத்து பூட்ஸ் போட்டுட்டுப் போனீங்கள்லா? அன்னைக்கு மட்டும் நொண்டலையே!"

தென்காசியில் டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, "உன் பெஞ்சாதி சொல்றது சரி. குதி உசந்த பூட்ஸ்லயே இருந்து நரம்பு குறுகிப்போச்சு. வெறுங்காலோட உழுது அதை ஒரேயடியா இழுத்துட்டே. இந்தப் பருவம் உழவு வேண்டாம். பூட்ஸைப் போட்டுக்கோ, அதோட குதியைக் கொஞ்சங் கொஞ்சமாக் குறை. வலி தணிஞ்சதும் தினமும் படியில நின்னு குதிகாலை மெல்ல இறக்கி ஏத்து" என்றார்.

பதினைந்து நாளுக்கு ஒரு தோல் அடுக்காக பூட்ஸின் குதியைப் பிரித்தெடுத்தார்கள். வேட்டியும் பூட்ஸுமாக வரப்பில் வந்தவனைப் பார்த்து, "ஏலே, கலெக்டர் வாராருலே!" என்று ஊரே சிரித்தது. அந்தக் கார்ப் பருவத்து நடவு முழுக்க சந்தனமாரிதான் பார்த்தாள். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

ஐப்பசியில் அடுத்த போகமான பிசானத்துக்கு உழவு. வெறுங்காலோடு மேழியைப் பிடித்தான். நாலு சால் ஓட்டியும் வலிக்கவில்லை. வழக்கம்போல் அவள் மண்வெட்டியோடு பின்னால் வந்தாள்.

"ஏட்டி, மம்பட்டியக் கீழ போடு. வரப்புல இரி."

"இருந்து என்ன செய்ய?"

"சும்மா இரி. உன்னாலதாம்ட்டி நான் இன்னைக்கு நடக்கேன். நீ சும்மா உக்காந்திருக்கதை நான் கண்ணால பாக்கணும்."

அவள் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் புல்லைப் பிய்த்தாள். அப்புறம் மடியில் வைத்துக்கொண்டாள்.