சாட்சி சொன்ன நாக்கு

என் கணவரின் உணவில் உப்புப் போட்டது நான்தான். அவருக்குத் தெரியாமல், டாக்டருக்குத் தெரியாமல், மாதக்கணக்காக... நானேதான்!

அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

புனே பக்கத்துத் தேஹு ரோட்டில் எங்களைத் தெரியாத தமிழர்கள் குறைவு. அவர் ராணுவ டெப்போவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளி ஆசிரியை. போன மழைக்காலத்தில் அவர் கால்கள் வீங்கின. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. இதயம் தளர்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. "நமக் பில்குல் கம்!" என்று விரலை ஆட்டினார், அவரை நோக்கியல்ல, என்னை நோக்கி. உப்பைக் குறைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆர்ப்பாட்டமாகத்தான் ஆரம்பித்தேன். ஊறுகாய், அப்பளம், தூத்துக்குடியிலிருந்து வந்த கருவாடு, உப்பு ஜாடி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுவேன் என்று வீரம் வேறு பேசினேன்.

அவரோ இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பேன்! "பசிக்கல கிரேஸ்" என்பார், அவ்வளவுதான். எலுமிச்சை பிழிந்து பார்த்தேன். மிளகு சீரகத்தை வறுத்துப் பொடித்துப் போட்டுப் பார்த்தேன். சட்டை அவர் தோளில் தொளதொளத்தது. நாக்கு பழகக் கொஞ்ச நாளாகும், பொறுங்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு ஏது பொறுமை!

ஒரு மத்தியானம் கடையில் உப்பு வாங்கிவந்து ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டேன். ஒரே ஒரு சிட்டிகை... அன்று அவர் மறுசோறு கேட்டார்.

"என்ன போட்ட இதுல?"

"எலுமிச்சையும் மிளகுந்தான்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த முகத்துக்காகச் சிட்டிகை இரண்டானது. பிறகு என் கை பழைய அளவுக்கே போய்விட்டது. காலிக் காபித்தூள் டப்பாவில் உப்பை ஒளித்து வைத்தேன். பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு எடுப்பவள் நான்!

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு ஞாயிறு ஆராதனையில் அவர் சாட்சி சொல்ல எழுந்துவிட்டார்.

"உப்பில்லாம ஒரு வாய் எறங்காது எனக்கு. கர்த்தர் என் நாக்கை மாத்திட்டாரு! இப்ப உப்பில்லாச் சாப்பாடுதான் எனக்கு ருசி. பொறுமையாச் சமைச்சுப் போட்ட என் வீட்டம்மாவுக்கும் நன்றி."

சபை முழுவதும் அல்லேலூயா என்றது. நானும் சொன்னேன்... உதடு எப்படி அசைந்தது? தெரியவில்லை! வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு ரசத்தின் பக்குவம் கேட்டார்கள். சொன்னேன். அடுத்த வாரம், கணவருக்கு உப்பு கூடாதென்றிருந்த ஒருத்தி வந்து, "உங்க கைப்பக்குவம் எனக்கு வரலையேக்கா, அவரு தட்டத் தொடவே மாட்டேங்காரு" என்று கண்கலங்கினாள். அவளுக்கும் பொறுமையைப் போதித்தேன்.

இனி உண்மையைச் சொன்னால் அவர் தேவனுக்கு முன்னால் சொன்னதே பொய்யாகிவிடுமே! அந்த அவமானத்தை அவர் தாங்குவாரா? இப்படி நினைத்தே நாளைக் கடத்தினேன். அவருக்காகப் பயந்தேனா, எனக்காகவா? நீங்களே சொல்லுங்கள்.

வீக்கம் முழங்கால் வரை ஏறியது. டாக்டரம்மா உப்பைப் பற்றிக் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே என் கணவர் முந்திக்கொண்டார். "நமக் தோ சோட் தியா, மேடம்!" உப்பை விட்டேவிட்டேன் என்று எவ்வளவு பெருமை! டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மாத்திரையின் வீரியம் கூடியது. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் இப்படியென்றால் இதயம் இன்னும் தளர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் கணவரின் காதிலும் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தம் நடைப்பயிற்சி ஷூக்களைத் துடைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார். "நான் எதுல கொற வச்சேன், கிரேஸ்?" என்று மட்டும் கேட்டார். ஐயோ, அந்தக் கேள்வி!

நேற்று டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினேன். உண்மையாகவே உப்பில்லாத ரசம் வைத்தேன். ஒரு கவளம் வாயில் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார். கண்டுபிடித்துவிட்டார்... கண்டுபிடிக்கட்டும்! எனக்கு அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

"ரசத்துல ஒண்ணும் மாத்தலியே நீ?"

நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லிவிடப் போகிறேன் என்றே நினைத்தேன்.

"இல்லங்க. அதே ரசந்தான்."

"அப்ப என் நாக்குந்தான் செத்துட்டு போல. அவ்வளவுதான் என் கணக்கு." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ கலங்காத. உன் சமையல்ல ஒரு கொறையும் இல்ல."

எனக்காக அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தேன்.