கோணல் எட்டு போட்ட பனியன்

மகளுக்குப் பள்ளிக் கால்பந்து அணியின் பனியன் வந்திருந்தது. உறையைக் கிழித்ததும் சூட்டில் வாட்டிய பிரிண்ட் வாசம் முகத்தில் அடித்தது. இருபது வருஷமாகியும் எனக்கு அந்த வாசம் ஆகாது.

அப்பா அப்போது முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆண்கள் கால்பந்து உலகக் கோப்பை நடந்த வருஷம், எண் கோணலாக விழுந்த எக்ஸ்போர்ட் பனியன்களைக் கம்பெனியில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எங்கள் வீதியே அவற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் கத்தியது. எனக்கு எட்டாம் எண். அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளியில் ஆடினேன்.

அடுத்த வருஷம் பெண்கள் உலகக் கோப்பை. ஞாயிறு சாயங்காலம் நானே டிவியைப் போட்டேன்.

"அப்பா, பாருங்க. ஆம்பளைங்க தொட்டாலே உருண்டு பொரண்டு அழுவாங்க. இவங்க அடிபட்டாலும் உடனே எந்திரிச்சு ஓடறாங்க."

"விழுந்தா நடிக்கக்கூடத் தெரியல. இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று அப்பா சேனலை மாற்றினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வயசுக்கு வந்த புள்ளை. இனி அந்தப் பனியனைப் போட்டுட்டு வெளிய போகாத கண்ணு."

மறுநாள் காலை அதைக் கிழித்து ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, அலசிப் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார். எட்டில் பாதி கிரீஸில் மறைந்திருந்தது. அலசிக் கொடியில் போட்டேன்.

இன்று பேத்தியின் பனியனைத் தடவிப் பார்த்து அப்பா பூரித்துப்போனார்.

"உங்கம்மாளும் சின்னதுல நல்லா பந்து ஆடுவா கண்ணு."

"அப்புறம் ஏனுங்க அப்புச்சி, அம்மா ஆடலை?"

"அவளாத்தான் உட்டுப்போட்டா."