குங்குமம் ஒட்டாத மட்டை

ஆயுத பூஜைக்கு மகன் தன் புது கோல்ஃப் மட்டையையும் வைத்தான்.

"டைட்டானியம்பா. உள்ள காலியா இருக்கறதாலதான் தலைய இவ்ளோ பெருசா செய்ய முடியுது. பந்து ஓரத்துல பட்டாலும் நேரா போவுது."

காலியான பெரிய தலைகளை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எதுவும் நேராகப் போனதில்லை.

மனைவி சந்தனம் குழைத்தாள். அந்த வாசனையில் காஞ்சிபுரத்து வீடு திரும்பி வந்தது. குமாஸ்தாவான அப்பா, தன் அதிகாரியின் மட்டையைச் சரிசெய்ய எடுத்து வந்திருந்தார். அதற்கு மரத்தலை, கழுத்தில் சுற்றிய நூல் அவிழ்ந்திருந்தது. எதிர்வீட்டுத் தறிக்காரர் பட்டுநூல் சுற்றிக் கொடுத்தார். அன்று ஆயுத பூஜை. அம்மா அதையும் அரிவாள்மணையோடு வைத்துக் குங்குமம் இட்டுவிட்டாள். மரம் அதைக் குடித்துவிட்டது. அழிக்க அப்பா எண்ணெய் போட்டுத் தேய்க்க, சிவப்பு இன்னும் பளபளத்தது.

"ஆபீசர் என்னைத் திருத்தணிக்கு மாத்தப் போறாரு!"

"நல்லதுதான். முருகனைப் பாத்துக்கினு இருக்கலாம்" என்றாள் அம்மா.

அப்பா இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் அதிகாரி பொட்டைத் தடவிப் பார்த்தார். "இருக்கட்டும்பா. இனிமேயாவது பந்து நேரா போவுதா பாப்போம்."

பூஜை முடிந்ததும் மகன் மட்டையைத் துணியால் துடைத்தான். பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. அன்றே இப்படியொரு மட்டை இருந்திருந்தால் அப்பா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்கும் நினைத்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.