சூசையம்மாளும் வேதுத் தகரமும்

மலாய் நாட்டில், செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், மேட்டு லயத்துக் கூலி வீடுகளில், சூசையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளைத் தெரியாதவர் ஒருவர் அந்த வட்டாரத்தில் இருந்தார் என்றால், அவர் நேற்றுத்தான் ரயிலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண் எவளும் சூசையம்மாளின் முக்காலியில் உட்காராமல் மரம் சீவத் திரும்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்த கதை அது.

கப்பலில் வந்தபோது அவளுக்கு இருந்தது கழுத்தில் ஒரு மாதா சுரூபம், பக்கத்தில் ஒரு புருஷன். காடு வெட்டிய வருஷமே புருஷனை மலைக்காய்ச்சல் கொண்டுபோனது. வயிற்றில் இருந்த பிள்ளையும் பிறந்து பால் குடிக்காமலே போயிற்று. லயத்து அறையைக் காம்பரா என்பார்கள். பால் கட்டி, இடுப்பு விட்டுப்போய், கடைசிக் காம்பராவில் கிடந்தவளை எட்டிப் பார்க்க ஒரு நாதியில்லை. ஆற்றங்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து மரவள்ளிக் கிழங்கு விற்க வந்த மக் மீனா என்ற மலாய்க்காரக் கிழவிதான் பார்த்தாள். ஓட்டை போட்ட முக்காலியில் அவளை உட்காரவைத்தாள். கீழே இலை கொதித்த சட்டியை வைத்தாள். சுற்றிலும் சாரத் துணியால் மூடினாள். மலாய்க்காரர் அதைத் தங்காஸ் என்பார்கள். தடுமனுக்கு நாம் முகத்தில் வேது பிடிப்போமே, அதே காரியந்தான். இது பிள்ளை பெற்ற இடத்துக்குப் பிடிக்கிற வேது.

சூசையம்மாள் எழுந்து நடந்தாள். நடந்தவள் சும்மா இருந்தாளா? ஞாயிறு தவறாமல் கம்பத்துக்குப் போய், கிழவிக்கு விறகு பிளந்து கொடுத்து, அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தாள். கிழவி போட்ட செராய் என்ற வாசனைப் புல்லோடும் எலுமிச்சை இலையோடும், நொச்சியும் மஞ்சளும் தன் பங்குக்குச் சேர்த்தாள். எழுத்தென்றால் அவளுக்குக் கைநாட்டுத்தான். ஆனால் கிழவி சொன்ன ஒரு சொல்லையும் அவள் சிந்தவில்லை.

சிவப்பு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்வரை முக்காலியைக் கண்ணில் காட்ட மாட்டாள். காய்ச்சல் என்றால் கிடையாது. கிழிந்த இடம் ஆறவில்லை என்றால் கிடையாது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் அந்தப் பக்கமே வரக் கூடாது. அடுப்பு வெளியிலேயே நிற்கும். சட்டி மட்டும் மூடியோடு உள்ளே வரும். வந்ததும் திறந்து, பொங்குகிற ஆவியைப் போகவிடுவாள். பிறகு முக்காலியின் ஓட்டைக்கு நேரே தன் முழங்கையின் உட்புறத்தைப் பிடித்துக்கொண்டு, பரலோக மந்திரத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை சொல்வாள். கை தாங்கினால்தான் பிள்ளைக்காரி உட்காரலாம். தாங்காவிட்டால் இன்னும் ஆறட்டும் என்று காத்திருப்பாள்.

“என் கை பொய் சொல்லாது” என்பாள். அவளுடைய பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த இடத்தில்தான் வந்து முடியும்.

பகலில் அவளுக்குப் பால் கொட்டகையில் வேலை. வெட்டி வந்த ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற திராவகத்தைத் தோட்டத்தில் சூக்கா என்பார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், நெடி மட்டும் புளிக்கும். மேலே பட்டால் தோலை எரிக்கும். மற்றப் பெண்கள் குச்சியை விட்டுக் கலக்குவார்கள். சூசையம்மாள் கையை விட்டுக் கலக்குவாள். “இந்தக் கை சூக்காவையே பார்த்த கை” என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். முழங்கைவரை அவள் தோல் ரப்பர் மரத்துப் பட்டை போலக் காய்த்துக் கிடந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் மணியம் ஒருநாள் லயத்துக் குழாயடியில் அவளை நிறுத்தினார்.

“சூசை, ஆவி எவ்வளவு சூடுன்னு எத வச்சுப் பாக்குற?”

“கைய வச்சு.”

“ஒன் கைக்குத் தாங்குறது பச்ச ஒடம்புக்குத் தாங்குமா?”

“டிரஸ்ஸர் ஐயா, நீங்க போய் ஒரு புள்ள பெத்துட்டு வாங்க. அப்பறம் நம்ம ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்.”

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்துக் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். மணியம் முகம் சுண்டிப் போனார். சூசையம்மாள் அந்தக் கதையை எத்தனை காம்பராவில் சொல்லியிருப்பாள் என்று கேட்காதீர்கள்.

அந்த வருஷம் வேலுவின் பெண்டாட்டி செல்லம் பெண்குழந்தை பெற்றாள். முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவாவது நிற்க வேண்டும், இதற்குப் பால் கொடுக்கத் தாய் எழுந்து நடக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காம்பராவில் எல்லாருக்கும் ஏக்கம். செல்லமோ ஈர்க்குச்சி உடம்பு. மாமியார் பேச்சியம்மாள் சூசையம்மாளிடம் வந்து நின்றாள்.

“ஏ சூசை, எம் மருமவள எனக்குத் தூக்கி நிறுத்திக் குடுத்துரு.”

“நான் தொட்டது எது பேச்சி நிக்காமப் போயிருக்கு?”

ரத்தம் வெளுக்கும்வரை காத்திருந்தாள். காய்ச்சல் இல்லை, கிழிசல் இல்லை. எல்லாம் சரிபார்த்துவிட்டு மண்சட்டியை எடுத்தபோது அது அடியோடு விரிசல் விட்டிருந்தது. வேலு கவலைப்படவில்லை. அவனுக்கும் பால் கொட்டகையில்தான் வேலை. அங்கே மூலையில் கிடந்த ஒரு தகரப் பாத்திரத்தைத் தூக்கிவந்து, சாம்பலும் மணலும் போட்டுக் கை நோகத் தேய்த்தான். மனைவிமேல் அவனுக்கு உயிர்.

“அக்கா, இது சூக்கா மொண்ட தகரம். நல்லாத் தேச்சிட்டேன். அடியில மட்டும் ரப்பர்த் தோலு ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது.”

சூசையம்மாள் தகரத்துக்குள் முகத்தை விட்டு முகர்ந்தாள். விடிந்தால் எழுந்தால் சூக்கா நெடியிலேயே நின்ற மூக்கு அது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

“ரப்பருதானேடா. கெடந்துட்டுப் போவுது. எம் மூக்குக்குத் தப்பி எதுவும் போவாது.”

இலைகள் கொதித்தன. எலுமிச்சை இலையின் வாடை லயம் முழுக்க அடித்தது. புளிப்பு வாடை எது, இலை வாடை எது என்று யாருக்கும் தெரியவில்லை. தகரம் உள்ளே வந்தது. சூசையம்மாள் கையை ஆவிக்கு நேரே பிடித்துப் பரலோக மந்திரத்தை முழுவதும் சொன்னாள். கை அசையவே இல்லை. செல்லத்தை உட்காரவைத்துச் சாரத்தைச் சுற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் செல்லம் சொன்னாள்: “அக்கா, எரியுது.”

“வேதுன்னா சுள்ளுன்னுதான் இருக்கும்.”

“இது சூடு இல்லக்கா. குத்துது. மொளகா பட்ட மாதிரி.”

“நாங்கெல்லாம் உக்காரலயா?” என்றாள் பேச்சியம்மாள். “ஒனக்கு மட்டும் என்ன ராசாத்தி ஒடம்பா?”

செல்லம் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சூசையம்மாள் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்” என்றாள். அவளுக்குத் தன் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் செல்லத்தால் காலை ஒட்டிவைத்து நடக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் காய்ச்சல் கொதித்தது. மூத்திரம் போனால் அலறினாள். பால் சுண்டிவிட்டது. குழந்தை வறண்ட மார்பைச் சப்பிச் சப்பி, குரலும் வராமல் அழுதது. அடுத்த காம்பராப் பெண்கள் முறை வைத்துப் பால் கொடுத்தார்கள்.

பேச்சியம்மாளுக்கு ஒரே முடிவுதான். “காத்து பட்டிருக்கு. குளிரு உள்ள எறங்கிருச்சு. இன்னொருக்கா வேது புடிச்சாத்தான் போவும்.”

காய்ச்சலுக்கு முக்காலி கிடையாது என்பது சூசையம்மாளின் சட்டம். ஆனால் முதல் வேது தப்பாகப் போனது என்று அவள் மனம் ஒப்பவில்லை. குறைவாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். தன்மேல் பெருமை உள்ளவர்களுக்கு இது ஒரு வியாதி. தகரம் மறுபடி அடுப்பில் ஏறியது.

தகரம் உள்ளே வருவதைக் கண்டதும் பாயில் கிடந்த செல்லம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சூசையம்மாள் வழக்கம்போல் கையை நீட்டி மந்திரம் சொல்லி முடித்தாள்.

“சூடு பதமா இருக்கு. எந்திரி தாயி.”

“கைய வச்சுப் பாத்தது போதும்க்கா” என்றாள் செல்லம். குரல் காற்றாக வந்தது. “நீங்க உக்காந்து பாருங்க.”

“வாயப் பாரு இவளுக்கு” என்றாள் பேச்சியம்மாள். “பெரியவள உக்காரச் சொல்றா.”

கதவோரம் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “உக்காரட்டுமே. அக்கா கெழவியாயிருச்சு, ஒரு வேது புடிச்சா கொமரியாயிரும்” என்றாள் ஒருத்தி.

சூசையம்மாளுக்குச் சுருக்கென்றது. “உக்காந்தா என்ன? நல்லாப் பாத்துக்கங்க எல்லாரும்” என்று சொல்லி, சாரத்தைச் சுற்றிக்கொண்டு, ராணி மாதிரி முக்காலியில் உட்கார்ந்தாள்.

மந்திரத்தைத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் அவள் குரல் தடுமாறியது. கீழே இருந்து வந்தது சூடு அல்ல. ஊசி. ஆயிரம் ஊசியை ஒன்றாகக் கட்டிக் குத்துவது போல் இருந்தது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பல்லைக் கடித்தாள். இப்போது எழுந்தால், இத்தனை வருஷமும் சொன்ன சொல் என்னாவது? ‘ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லி எழுந்துவிடலாம். சொன்னால் நம்புவார்கள். சூசையம்மாள் சொல்லி நம்பாதவர் அந்த லயத்தில் இல்லை.

செல்லம் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையின் முனை அவள் வாயில் இருந்தது.

சூசையம்மாள் எழுந்தாள். தகரத்தைக் காலால் எத்தினாள். தண்ணீர் தெறித்து ஓடியது. அதோடு, அடியில் ஒட்டியிருந்த ரப்பர்த் தோல் ஆடை போல உரிந்து வந்து தரையில் கிடந்தது. அதன் மடிப்புக்குள் ஊறிக் கிடந்தது என்னவென்று சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அன்று தோலின் ஓரம் மட்டும் விட்டுக் கசிந்திருக்கிறது. இன்று முழுவதும் விட்டுவிட்டது.

“சூக்கா” என்றாள். “நான் இவளச் சூக்காவுல உக்கார வச்சிருக்கேன்.”

வேலு வாசலிலேயே குந்திவிட்டான். “தகரம் நான் கொண்டாந்தது அக்கா.”

“கொண்டாந்தது நீ. சரின்னு சொன்னது நான். எங்கைக்கும் மூக்குக்கும் ஒணத்தி செத்து எவ்வளவு நாளாச்சோ, எனக்கே தெரியல. எந்திரிடா, இவளத் தூக்கு.”

“அப்ப வேது?” என்றாள் பேச்சியம்மாள்.

“வேது கெடக்குது சனியன். ரயிலு போறதுக்குள்ள டேசனுக்குப் போயி ஜொகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்.”

காலை அகட்டி அகட்டி வைத்து, சூசையம்மாள் டிரஸ்ஸர் மணியத்தின் வீட்டுக்கு ஓடினாள். லயத்துச் சனம் முழுவதும் பார்த்தது. மணியம் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார்.

“என்ன சூசை, நான் புள்ள பெத்தாச்சான்னு பாக்க வந்தியா?”

அவள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். நடந்ததைத் தகரத்திலிருந்து முக்காலிவரை ஒன்று விடாமல் சொன்னாள். மணியம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“சூக்கா ஒனக்கு எரியாமப் போயி எத்தன வருசம் ஆவுது?”

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மணியம் சட்டையை மாட்டிக்கொண்டு, லாரிக்காரனைக் கூப்பிட்டபடியே படி இறங்கிவிட்டார்.

செல்லம் உயிரோடு திரும்பினாள். திரும்பும்போது பாதி ஆளாக இருந்தாள். புண் ஆறி உள்ளே இறுகிவிட்டது, இனிப் பிள்ளை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாய்ப்பால் திரும்பவே இல்லை. குழந்தை ஊர்ப்பாலில் தேறி நின்றது. அந்த ஒன்றுதான் மிச்சம். ஆண்பிள்ளை வேண்டும் என்று பேச்சியம்மாள் மகனுக்குக் குளுவாங் ஊரிலிருந்து வேறொரு பெண்ணைக் கொண்டுவந்தாள். வேலு மறுத்துப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்தான். செல்லம் அதே காம்பராவில் தடுப்புக்கு இந்தப் பக்கம் பாய் போட்டுக்கொண்டாள். சூசையம்மாள் ஒருநாள் கஞ்சி கொண்டுபோனாள். செல்லம் கஞ்சியை வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தாள். அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

லயத்தில் வெகுநாள்வரை யாரும் முக்காலியைக் கேட்கவில்லை. பிறகு கேட்டார்கள். வேறு யார் இருந்தார்கள் கேட்க? சூசையம்மாள் வேதுக்கென்று புது மண்சட்டி வாங்கி, அதில் வேறெதையும் வைக்காமல் துணி கட்டித் தொங்கவிட்டாள். கையை நீட்டுவதை விட்டாள். முதலில் தானே உட்கார்ந்து மந்திரம் சொன்னாள். பிள்ளைக்காரி உட்கார்ந்ததும் அவள் தோளைத் தொடாமல் எட்ட நின்றுகொண்டு, “எரிஞ்சா உடனே சொல்லு, எந்திரிச்சுரு. பொறுத்துக்கிட்டா யாரும் ஒனக்கு மாலை போட மாட்டாங்க” என்றாள்.

ஆனால் அவள் மூக்குக்கு வாடை திரும்பவில்லை. அது அவளுக்குத் தெரியும். லயத்தில் இன்னொருத்திக்கும் தெரியும்.

மறுபடி வேது வைத்த முதல் நாள், இலை கொதிக்கிற வாடை எழுந்ததும், கூப்பிடாமலே செல்லம் வந்தாள். இடுப்பில் குழந்தை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுப்பருகே குனிந்து மூடியைத் தூக்கி முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். மூடியை வைத்துவிட்டு, வந்த வழியே போனாள்.

அதற்குப் பிறகு எந்தக் காம்பராவில் வேது வைத்தாலும் அப்படித்தான். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சூசையம்மாள் காத்துக்கொண்டிருப்பாள். ஒரு காலத்தில் யார் சொல்லையும் கேட்காத பெண்பிள்ளை அவள். “ஆறிப்போவுது சூசை, எடுத்துட்டு வா” என்று உள்ளே இருந்து சத்தம் போடுவார்கள்.

“இரு” என்பாள். “செல்லம் இன்னும் வரல.”