செவலையும் கன்றும் லாரி ஏறிய நாள்

அன்று அங்கே இருந்தவர்கள்: அப்பா, நான், பக்சிக், கெடாவிலிருந்து லாரி ஓட்டிவந்த அவருடைய தம்பி, செவலைப் பசு, பிறந்து மூன்று வாரமான அதன் கன்று. அம்மா வரவில்லை. என்னால் பார்க்க முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பக்சிக், அதாவது மலாயில் மாமா, என்று நான் கூப்பிட்டது நிலத்துக்காரரை. மலாய்க்காரர். எங்கள் எஸ்டேட்டை ஒட்டிய கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். சிம்பாங் அம்பாட் ஊருக்கு உள்ளே இருந்த அவருடைய வயலிலும் வரப்பிலும்தான் எங்கள் மாடுகள் மேய்ந்தன. மாடு எங்களுடையது, புல் அவருடையது. பிறக்கும் கன்றுகளில் ஒன்று எங்களுக்கு, அடுத்தது அவருக்கு. வரப்புக்கு அவர் புல் மருந்து அடிக்கமாட்டார். மாடுகளே மேய்ந்து புல்லை அடக்கிவைக்கும். சாணி வயலுக்குப் போகும். தாழ்ந்த மூலையில் நீர்க்கோழி முட்டையிடும் காலத்தில் ஒரு குச்சியில் பழைய சாரோங் துணியைக் கட்டி நட்டுவைப்பார். குஞ்சுகள் போகும்வரை அந்தப் பக்கம் மாட்டை விடக்கூடாது. நான் நாலாம் வகுப்போடு நின்று மாட்டின் பின்னால் வந்தவள். அந்தத் துணியைத் தாண்டி எந்த மாடாவது போய்விடுமோ என்ற பயத்திலேயே எனக்குப் பாதி நாள் ஓடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நிலமெல்லாம் வீடு கட்ட எடுக்கப்பட்டது. நாங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் அடுக்குமாடி வீடு ஒன்று பார்த்திருந்தோம். மற்ற மாடுகளைப் பாகான் டாலாமில் ஒரு பால்காரர் வாங்கிக்கொண்டார். மிஞ்சியது செவலை, அது எங்கள் பங்கு. அதன் கன்றோ முறைப்படி பக்சிக்கின் பங்கு. செவலைக்கும் ரொக்கம் தருகிறேன் என்றார் பால்காரர். அது வந்தால்தான் வீட்டுக்கு முன்பணம் முழுசாகும். ஆனால் அவர் கொட்டகையைச் சுற்றி வெறும் சிமெண்டுத் தரை. கன்று முட்டாமல் செவலை பால் விடாது. தாயில்லாமல் அந்தக் கன்று பிழைக்குமா என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கெடாவில் தம்பி நிலத்துக்குக் குடிபோக இருந்த பக்சிக், தன் பங்குக் கன்றைத் தூக்கி லாரியில் விட்டார். செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது.

"அண்ணே, இது இப்படிக் கத்துனா நான் எப்படி லா போறது? கெடா வரைக்கும் காதுலயே கேக்கும்," என்றார் பக்சிக் அப்பாவிடம்.

"ரேடியோவை சத்தமா வச்சுக்குங்க," என்றார் அப்பா. பிறகு செவலையின் கயிற்றை அவிழ்த்துப் பக்சிக் கையில் கொடுத்தார். "இதையும் கொண்டு போங்க. அங்க புல்லு இருக்குல்ல?"

"தம்பி நெலத்துல புல்லுக்கு என்ன குறைச்சல்? கையிலதான் காசு இல்ல. எடுத்த நெலத்துக்கு நஷ்டஈடு இன்னும் வரலண்ணே."

"இருக்கறதக் குடுங்க. மிச்சம் மாசாமாசம்."

"ப்பா, முன்பணம்?" என்றேன். அப்பா அதற்குள் விலை பேச ஆரம்பித்திருந்தார்.

விலை ஆயிரத்து இருநூறு மலேசிய வெள்ளி. இருநூறு அங்கேயே கைமாறியது. செவலை தானாகவே பலகையில் ஏறிக் கன்றை நக்க ஆரம்பித்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பக்சிக், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தக் கன்ன..."

"பிள்ளே, அறுக்கறதா இருந்தா இதோட அம்மாவையும் கூட்டிட்டா போவேன்? இத்தன வருசம் உங்க பாலுலதான் லா நான் தேத்தண்ணி குடிச்சேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமலே லாரியில் ஏறினார்.

முன்பணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனேன். பக்சிக் ஒரு வருஷத்துக்கு மேல் மாதம் தவறாமல் ஃபெர்ரியில் வந்து, துறை பக்கத்தில் அப்பாவைப் பார்த்து ஐம்பது வெள்ளி கொடுப்பார். செவலை உடம்பு போட்டிருக்கிறது, கன்றுக்குக் கொம்பு முளைக்கிறது, வரப்புக்கு மருந்து அடிக்காதே என்று தம்பியோடு தினமும் சண்டை என்று செய்தியும் சொல்வார். அப்பா பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இந்தச் செய்திகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

ஒரு மாதம் பக்சிக் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அப்பா துறைக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நாம ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவோம்ப்பா. ஒடம்புக்கு என்னமோ?"

"போனா, கடனைக் கேக்க வந்துட்டாங்கன்னு நெனப்பாரு. வேணாம்."

நான் சொல்லாமல் ஒருநாள் ஃபெர்ரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் வரை போனேன். கெடா பஸ் நின்றது. பணம் கேட்க வந்தாள் என்று நினைப்பாரோ, இல்லை, மாட்டை அறுத்துவிட்டோமா என்று பார்க்க வந்தாள் என்று நினைப்பாரோ? அப்படி ஒரு கேள்வியை ஏற்கெனவே கேட்டவள் ஆயிற்றே நான். பஸ் கிளம்பியது. அடுத்த ஃபெர்ரியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா காலமாகிவிட்டார். பக்சிக் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தப் பணத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதோடு வரும் செய்தியைத்தான் எதிர்பார்த்தேன். வரவேண்டியது இன்னும் முந்நூற்றைம்பது வெள்ளி.