யோபுவின் நிலத்தில் விழுந்த கல்

நாற்பது வயது வரைக்கும் யோபு ஊரார் நிலத்தைத்தான் உழுதான். 1946-ல்தான் திருவாலங்காட்டுப் பக்கம் அவனுக்கென்று ஒரு துண்டு மேட்டு நிலம் வாய்த்தது. ஆடி மழை விழுந்ததும் வேர்க்கடலை போட வேண்டுமென்று அவனும் மனைவி லோயிஸும் விதைக்காயைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வைத்திருந்தார்கள். வானத்துக்கு அது பொறுக்குமா? ஆனி மாதம் பட்டப்பகலில் இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நிலத்தின் நட்டநடுவில் ஒரு மாட்டுவண்டியே இறங்கும் அளவுக்குப் பள்ளம். அதன் அடியில் தேங்காய் அளவில் ஒரு கறுப்புக் கல். இத்தனை பெரிய சீமையில் இவன் நிலம்தானா கிடைத்தது!

மறுநாளே கெங்கம்மாள் வந்துவிட்டாள். ஊரில் அருள் வந்து ஆடுகிறவள். கல்லை எடுத்து மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, பள்ளத்தின் கரையில் நட்டாள்.

"கங்கையம்மா வந்து எறங்கியிருக்கா யோபு. இங்க ஏர் கட்டினே, குடும்பமே உருப்படாது."

"நான் வேதக்காரன் யக்கா. எங்கிட்ட ஏன் வந்து எறங்குறா?"

"அத அவளத்தான் கேக்கணும்."

ஆர்.கே.பேட்டையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பொங்கல் வைத்தார்கள். யோபுவுக்கு வயிறு எரிந்தது.

"வேதத்துல பொறுமைக்குப் பேர்போன யோபுவோட பேர வெச்சுகினு இப்படிக் குதிக்கிறியே," என்றாள் லோயிஸ்.

"பேர வெச்சது எங்க நைனா. அவரப் போய்க் கேளு!"

படித்தவர் யாராவது வந்து இது வெறும் கல்லென்று சொல்லிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தான். பாதிரியாரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சென்னைக்குச் சேதி அனுப்பினான். மண்ணையும் பாறையையும் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்தும் பரந்தாமன் வந்தார். பள்ளத்தின் கரையை ஓரிடத்தில் செதுக்கிப் பார்த்தவர் குழந்தை மாதிரி கை தட்டினார்.

"இந்த நிலத்துல மேல செம்மண், அடியில வெளுத்த சுக்கான் மண். கரையில மட்டும் தலைகீழா இருக்கு பாருங்க. வந்த வேகத்துல மண்ணப் பொரட்டிப் போட்டிருக்கு. ஆள் தோண்டினா இப்படி வராது. விண்கல் விழுந்த பள்ளமேதான்!"

"அப்ப சாமி இல்லீங்களே?"

"கல்லுதாம்பா."

யோபுவுக்கு உயிர் வந்தது. "அத அந்தம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க. மழை விழுந்ததும் ஏர் கட்டிடுறேன்."

"ஐயையோ, ஏரா! கல்கத்தாவுல கல்லு மண்ண ஆராயுற சர்க்கார் ஆபீஸ்ல இருந்து பெரியவங்க வந்து அளக்கணும். அதுவரைக்கும் ஒரு பிடி மண்ணத் தொடக்கூடாது."

"நான் சொன்னப்ப கேட்டியா?" என்றாள் கரைமேல் நின்ற கெங்கம்மாள். "இப்ப படிச்சவரே சொல்றாரு!"

சாமியென்றாலும் உழக்கூடாது, கல்லென்றாலும் உழக்கூடாது. என்ன நியாயமோ!

ஆடியில் மழை கொட்டித் தீர்த்தது. சுற்றிலும் எல்லா நிலத்திலும் ஏர் ஓடியது. யோபுவும் இரவல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். பாதி ஊர் குறுக்கே வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்தபடியே திரும்பினான். மறுநாளிலிருந்து பழையபடி ஊரார் நிலத்துக்குக் கூலிக்குப் போனான். ஐப்பசியில் லோயிஸ் விதைக்காயை வறுத்து வைத்தாள். இருவரும் உட்கார்ந்து தின்றார்கள்.

தை பிறந்ததும் யாரோ ஒரு பெரிய மனிதர் திருத்தணி ரோட்டோரம் கங்கையம்மனுக்குக் கோயில் கட்ட, கெங்கம்மாள் மேளதாளத்தோடு கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மாசியில் பரந்தாமன் தனியாக வந்தார். கல்கத்தாக்காரர்கள் வரவில்லை. ஊர் மிதித்ததில் கரை தேய்ந்து, மழை மண் இறங்கிப் பள்ளம் பாதி தூர்ந்திருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் போச்சுப்பா. இனிமே பாக்க ஒண்ணுமில்ல. நீ தாராளமா உழுதுக்கோ."

யோபு காலால் மண்ணை உதைத்துப் பார்த்தான். கட்டாந்தரையாகக் காய்ந்து கிடந்தது.

"ஆங், உழுறேங்க," என்றான். "போன ஆடி மழையக் கொஞ்சம் கூட்டிகினு வாங்க, உழுறேன்."