மகளுக்கு வாங்கிய இஞ்சி மரப்பா

இன்று காலை ராயபுரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு மீனவத் தம்பதி. மணலியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதாக அந்த அம்மா சொன்னார். மகள் மூன்று மாதக் கர்ப்பம், எதைத் தின்றாலும் வாந்தியாம். அதற்காக ஒரு பாக்கெட் இஞ்சி மரப்பா வாங்கியிருந்தார்.

திருவொற்றியூர் தாண்டியதும் கணவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"இன்னாய்யா, அம்மாம் பெரிய அலைல போட்ல நிக்கிற. பஸ்ஸுல ஏறுனா சுருண்டுக்கிறியே?"

"கடல்ல காத்து வரும்மே. இங்க டீசல் நாத்தம் கொடலப் பொரட்டுது."

அந்த அம்மா பாக்கெட்டைப் பிரித்து ஒரு துண்டை அவர் வாயில் வைத்தார். "மெள்ள சப்பு. வவுறு அடங்கிடும்."

காரத்தில் அவருக்குக் கண் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. பிறகு அவரே கையை நீட்டினார். மறுபடியும் நீட்டினார்.

"யோவ், வாந்தி உன் பொண்ணுக்குய்யா!"

பஸ்ஸே சிரித்தது.

மணலியில் இறங்கும்போது அவர் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "பாதிதான்மே கீது. நாளைக்கு வேற வாங்கியாந்து குட்த்துர்லாம்."

மகளை நாளைக்கும் பார்க்க வழி செய்துகொண்டார் மனுஷர். உங்கள் வீட்டு அப்பாக்கள் என்ன சாக்கு சொல்வார்கள்?